இடமிருந்து வலம்

அந்தப் பரிசின் பெயரை எங்கள் அலுவலகத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் வராது என்று ஒரு நம்பிக்கை. எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் சொன்னதில்லை, அவருக்கு முன்னால் இருந்தவரும் சொன்னதில்லை. அப்படி வாயைக் கட்டி வைத்திருந்தும் எங்களில் ஒருவருக்கும் அது வந்ததில்லை என்பது வேறு விஷயம். 'பெரிசு' என்போம். "இந்த வருஷம் பெரிசுக்கு எதை அனுப்புறோம்?" என்று யாராவது கேட்டால், கிழக்குக் கென்டக்கியில் மலைகளுக்கு நடுவே கிடக்கும் எங்கள் 'கூரியர்' பத்திரிகை, நியூயார்க்கில் கூடும் நடுவர்களுக்கு எதை அனுப்பப்போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஒன்றும் அனுப்பமாட்டோம்.

இந்த வருடம் அனுப்பியிருந்தோம். மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், அலுவலகத்தில் மிச்சமிருந்த ஆறு பேரும் என் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கம் கட்டுகிறவர்களையும் பிழை திருத்துகிறவர்களையும் எங்களை விலைக்கு வாங்கிய ஹாலோவே குழுமம் எப்போதோ வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அந்த வேலையெல்லாம் இப்போது டெக்சாஸில் ஓர் அறையில் நடக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் மலையும் தெரியாது, ஓடையும் தெரியாது.

திரையில் ஓர் அம்மாள் பரிசுகளைப் பிரிவு பிரிவாக வாசித்துக்கொண்டு வந்தார். உடனடிச் செய்திப் படம் என்றார். ரஸ்ஸல் ஃபுகேட் என்றார். எங்கள் ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரித்தார், அதை யார் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்?

விளம்பரப் பிரிவு வாண்டா போட்ட கூச்சலில் கீழே முடிவெட்டும் கடைக்காரர் கத்தரிக்கோலோடு படியேறி ஓடிவந்துவிட்டார். எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடித்தோம். ரஸ் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக எங்களுக்கு இருக்கும் ஒரே புகைப்படக்காரன் அவன். பள்ளிக்கூடக் கூடைப்பந்து, தேர்தல், சாவு வீடு, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் எல்லாம் அவன் எடுத்ததுதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, சந்தோஷத்துல கால் வரலையா?" என்றேன்.

"படத்துக்குக் கீழ என்ன போட்டிருக்காங்கன்னு பாரு நெல்டா."

பார்த்தேன். ஜெயித்தவர்களின் படங்கள் அதற்குள் பரிசின் இணையப் பக்கத்தில் ஏறியிருந்தன. ரஸ்ஸின் படத்துக்குக் கீழே பழைய படக்குறிப்பு அப்படியே இருந்தது. தப்பான குறிப்பு. பத்து மாதமாக நான் துரத்திக்கொண்டிருக்கும் குறிப்பு.

படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன ஜூலையில் டர்க்கி ஃபோர்க் ஓடை விடிவதற்குள் வீட்டுக்கூரை வரைக்கும் ஏறிவிட்டது. வாசல் கூரையின் தகரத்தில் ஒருவன் குப்புறப் படுத்திருக்கிறான். அவனுக்குக் கீழே, படத்தின் இடப்பக்கம், தண்ணீரில் கழுத்தளவுக்கு இன்னொருவன். மேலே இருப்பவன் கீழே இருப்பவனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். அண்ணன் தம்பிகள். ரஸ் நின்றது நெடுஞ்சாலைப் பக்கத்துக் கரையில். நடுவில் மரமும் காரும் உருண்டு போகும் வெள்ளம். அவனால் படம் எடுக்கத்தான் முடியும், எடுத்தான். அடுத்த படத்தில் தண்ணீரில் இருந்தவன் இல்லை. அந்த அடுத்த படத்தை ரஸ் யாருக்கும் காட்டவில்லை.

படத்தைக் காரிலிருந்தே டெக்சாஸுக்கு அனுப்பினான். அத்தோடு சிக்னலும் போனது, காமிராவின் உயிரும் போனது. சாயங்காலம் நிவாரண முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூடத்தில் ஓபி என்ற பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தான். அவரும் அந்தக் காலையில் எல்லாவற்றையும் பார்த்தவர்தான். ரஸ் அவரிடம், எங்கள் தொழிலில் எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கேட்டான். இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார்? ஓபி யோசித்துச் சரியாகத்தான் சொன்னார். இடப்பக்கம் டால்டன், வலப்பக்கம் கோல்பி. ஆனால் ஓபி நின்றது எதிர்க்கரையில். அவருக்கு இடப்பக்கம் என்றால் ரஸ்ஸுக்கு வலப்பக்கம். ரஸ் அதை அப்படியே முகாமின் தொலைபேசியில் டெக்சாஸுக்குச் சொன்னான்.

மேலே யார், தண்ணீரில் யார் என்று கேட்டிருந்தால் தீர்ந்தது. ஊரில் வேறு எந்த மனிதனும் அப்படித்தான் கேட்டிருப்பான். முடிவெட்டும் கடைக்காரர்கூட அப்படித்தான் கேட்டிருப்பார். இடமிருந்து வலம் என்று கேட்க ஒரு பத்திரிகைக்காரனால்தான் முடியும்.

ஆக மறுநாள் காலையில் உலகத்துக்குப் போன சேதி இது: தண்ணீரில் போனவன் அண்ணன் டால்டன் நேப்பியர். கடைசி வரைக்கும் பிடித்திருந்தவன் தம்பி கோல்பி. உண்மையில் போனவன் கோல்பி. பத்தொன்பது வயது. கூரைமேல் இருந்தவன் டால்டன்.

அவர்களுடைய அம்மா ஆர்லீன் முதியோர் இல்லத்தில் இராப்பணியில் இருந்தாள். பாலம் போய்விட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டாள். விஷயம் அவளுக்குத் தெரிந்ததே எங்கள் பத்திரிகையைக் கைபேசியில் பார்த்துத்தான். பெரியவன் செத்துவிட்டான், சின்னவன் பிழைத்தான் என்று அழுதுகொண்டே யாரோ ஒருவரின் டிரக்கில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அங்கே, இரவில் படகில் கொண்டுவந்து விட்டிருந்த டால்டன் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதை அவளே ஒரு வாரம் கழித்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள். "செத்த பிள்ளையைக் கர்த்தர் திருப்பிக் கொடுத்துட்டார்னு அவனைக் கட்டிப் பிடிச்சேன் மிஸ் நெல்டா. கன்னமெல்லாம் முத்தம் கொடுத்தேன். அப்புறம் கேட்டேன், 'கோல்பி எங்கடா?'ன்னு." 

திருத்தம் போட்டோம். தப்பு முதல் பக்கத்தில் முக்கால் பக்கத்துக்கு வந்தது, திருத்தம் இரண்டாம் பக்கத்தின் அடியில் பழைய கார் விளம்பரத்துக்கு மேலே வந்தது. எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் வழக்கம். அதற்குள் டெக்சாஸ்காரர்கள் படத்தைச் செய்தி முகமைக்குக் கொடுத்து, முகமை அதை டோக்கியோ வரைக்கும் அனுப்பியிருந்தது. முகமையும் ஒரு திருத்தம் விட்டது. யார் படித்தார்கள்? படம் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் டால்டன் செத்துக்கொண்டேயிருந்தான்.

பெரிசுக்கு அனுப்பும்போதாவது சரியாகியிருக்க வேண்டும். ஆனால் வெளியான பக்கத்தை வெளியானபடியே அனுப்ப வேண்டும் என்பது விதி. திருத்தத்தைத் தனித் தாளாக இணைக்க வேண்டும். ஹாலோவேயில் பரிசு விவகாரங்களைப் பார்க்கும் பிரெண்ட் என்ற துணைத் தலைவர் பக்கத்தை அனுப்பினார். தனித் தாளை அனுப்பினாரா என்று கேட்டதற்கு, "எல்லாம் பார்த்துக்கலாம் நெல்டா" என்று பதில் வந்தது. பார்த்துக்கொண்ட லட்சணம் இப்போது திரையில் இருந்தது.

ஹாலோவே அனுப்பிவைத்த கேக்கை வாண்டா வெட்டும்போது தொலைபேசி அடித்தது. ஆளுநராகத்தான் இருக்கும் என்றார் முடிவெட்டும் கடைக்காரர், எல்லாரும் சிரித்தார்கள். நான் எடுத்தேன்.

"மிஸ் நெல்டா, நான் ஆர்லீன்."

கையைக் காட்டி எல்லாரையும் சும்மா இருக்கச் சொன்னேன்.

"டிவியில சொன்னாங்க. ரஸ்ஸுக்கு நல்ல விஷயம்தான். அவரு தங்கமான மனுஷன், அவருக்குக் கிடைச்சதுல எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "ஆனா டால்டன் செத்துட்டான்னு மறுபடியும் சொல்லிட்டாங்க."

"பார்த்தேன் ஆர்லீன்."

"எனக்கு ஊரு பேரு தெரியாத ஜனங்கள்லாம் கார்டு போடுறாங்க. டால்டனுக்காக ஜெபம் பண்றோம்னு. அவன் பாட்டுக்கு ஒஹாயோவுல கார் பாகம் செய்யிற கம்பெனியில வேலை பார்த்துட்டிருக்கான், குத்துக்கல்லாட்டம். நான் பெத்த இன்னொருத்தன் மண்ணுக்குள்ள கிடக்கான், அவனுக்கு ஒருத்தரும் ஒரு ஜெபம் பண்ணல. அவன் செத்ததுகூட அவனுக்குன்னு இல்லையா? கோல்பி செத்துட்டான்னு யாராச்சும் ஒரு தடவை சொன்னா என்ன?"

"சொல்ல வைக்கிறேன்."

"போன தடவையும் சொன்னீங்க." குற்றம் சாட்டும் குரல் இல்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

போனை வைத்தபோது என் மேசையில் ஒரு தட்டில் கேக் துண்டு இருந்தது. யாரும் சாப்பிடவில்லை. ரஸ் கேட்டான், "ஆர்லீனா?" ஆமாம் என்றேன். அவன், "நான் வேண்டாம்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துடட்டுமா?" என்றான்.

"கொடு. நாளைக்குக் காலையில எல்லாப் பேப்பர்லயும் அதுதான் முதல் பக்கம். பக்கத்துலயே உன் படம். கீழே அதே குறிப்பு."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"கேக்கைச் சாப்பிடு," என்றேன். கோபத்தில் சொன்னதுதான். அவன் உண்மையிலேயே எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

முதலில் செய்தி முகமைக்குப் போன் செய்தேன். ஒரு பையன் எடுத்தான். "மேடம், போன ஜூலையிலேயே இதுக்குத் திருத்தம் விட்டாச்சு," என்றான். "அப்புறம் எதுக்குடா கண்ணு இன்னைக்கு நீங்களே டால்டன் செத்தான்னு அனுப்பியிருக்கீங்க?" "அது பரிசு அறிவிப்புல இருந்து எடுத்தது மேடம். அங்க மாத்தினா நாங்களும் மாத்துவோம்."

அடுத்து பிரெண்ட். அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "நெல்டா! கேக் வந்துச்சா?"

"வந்துச்சு. மேல எழுதின ரஸ்ஸோட பேர்ல ஒரு எழுத்து குறையுது."

அவர் சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "இங்க பாரு நெல்டா. குழுமத்துக்கு இது முதல் தடவை. ஜெயிச்ச அன்னைக்கே நாமளா போய் அதுல தப்பு இருக்குன்னு சொல்லணுமா? பரிசு படத்துக்குத்தானே, குறிப்புக்கு இல்லையே. கொஞ்ச நாள் போகட்டும், அமைதியானதும் செய்யலாம்."

"அமைதியானதும் யாரு பிரெண்ட் பார்ப்பாங்க?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார்.

அவருக்குத் தெரியாமல் பரிசு அலுவலகத்துக்கு எழுதினேன். வேலை போனால் போகட்டும், ஹாலோவே எப்படியும் கிறிஸ்துமஸுக்குள் என்னை அனுப்பிவிடும் என்று எனக்கே தெரியும். அங்கிருந்து ஓர் அம்மாள் ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டார். மரியாதையாகப் பேசினார், குடும்பத்துக்கு வருத்தம் தெரிவித்தார். தாய் ஒரு வார்த்தை உறுதி சொன்னால் போதும் என்றார். ஆர்லீன் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்தில் குறிப்பு மாறியிருந்தது. பத்து மாதமாக முடியாத காரியம் காபி ஆறுவதற்குள் முடிந்தது.

செய்தி முகமைப் பையன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். இந்த முறை அவர்கள் விட்டது மூலையில் கிடக்கும் திருத்தம் இல்லை. பெரிசு வாங்கிய படத்தில் பெயர் தப்பு என்பதே ஒரு செய்தியாகிவிட்டது. மத்தியானத்துக்குள் தொலைக்காட்சியில் வந்தது. சாயங்காலம் கைபேசிகளில் வந்தது. 'பிடித்திருந்தது தம்பி அல்ல, அண்ணன்' என்று ஒருவன் தலைப்புப் போட்டான். அவனாவது பரவாயில்லை. 'தம்பியின் கையை நழுவவிட்ட அண்ணன் இவர்தான்' என்று இன்னொருவன் போட்டான், டால்டனின் முகத்தைத் தனியாக வெட்டிப் பெரிதாக்கி. இந்தத் தலைப்புக்காரர்களை நான் முப்பது வருடமாகத் திட்டுகிறேன். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. கோல்பி நேப்பியர் இறந்தான் என்று எல்லா இடத்திலும் இருந்தது, அது போதும் என்றிருந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்த நாள் சமீபத்தில் கிடையாது.

வியாழக்கிழமை நானும் ரஸ்ஸும் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு ஆர்லீனைப் பார்க்கப் போனோம். வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கம் இழுத்து வந்து நிறுத்திய சக்கர வீட்டில்தான் இன்னும் இருக்கிறாள், மேட்டில், தேவாலயத்துக்குப் பின்னால். பீன்ஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. சோள ரொட்டியின் வாசனை வெளியிலேயே வந்தது.

ஆர்லீன் தாள்களை வாங்கி நின்றபடியே படித்தாள். ஒவ்வொன்றிலும் கோல்பியின் பெயர் வரும் இடத்தில் விரலை வைத்தாள். பிறகு ஒன்றை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

"உக்காருங்க ரெண்டு பேரும். சாப்பிடாம போனா விடமாட்டேன்," என்றாள். ரஸ்ஸின் தோளைத் தொட்டாள். "நீயும் உக்காரு ரஸ். பேயடிச்ச மாதிரி நிக்காத. எல்லாம் சரியாயிடுச்சில்ல."

ரஸ் உட்கார்ந்தான். பத்து மாதத்தில் முதல் தடவையாக அவன் முதுகு நாற்காலியில் சாய்ந்ததைப் பார்த்தேன்.

சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு டிரக் வந்து நின்றது. ஆர்லீன் ஜன்னல் வழியே பார்த்து, "அட, டால்டன்! வாரத்துக்கு நடுவுல எப்படி லீவு கிடைச்சுது இவனுக்கு?" என்று கரண்டியோடு கதவைத் திறந்தாள்.

அவன் உள்ளே வந்தான். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தான். அவனுக்குத் தாடி வந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"நல்ல நேரத்துல வந்தடா," என்றாள் ஆர்லீன். "இதைப் பாரு. தம்பி பேரை எல்லாரும் சரியாப் போட்டுட்டாங்க. மிஸ் நெல்டா செஞ்சாங்க."

அவன் குளிர்சாதனப் பெட்டியைப் பார்க்கவில்லை. "பார்த்துட்டேம்மா. கம்பெனியில எல்லாரும் பார்த்துட்டாங்க." பிறகு என் பக்கம் திரும்பினான். "மிஸ் நெல்டா, இதை நிறுத்த முடியுமா?"

"எதைக் கண்ணு?"

"இந்தத் திருத்தத்தை."

எனக்குப் புரியவில்லை. ஆர்லீனுக்கும் புரியவில்லை. கரண்டியிலிருந்து சூப் தரையில் சொட்டியது.

"நான் அங்க போன முதல் நாளே என் மூஞ்சியைப் பார்த்து ஒருத்தன் கண்டுபிடிச்சுட்டான்," என்றான் டால்டன். "'நீ கோல்பிதானே? கூரைமேல அண்ணனைப் பிடிச்சிட்டிருந்தவன்?'ன்னு கேட்டான். இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவன் என்னைக் கட்டிப் பிடிச்சுட்டான். 'உங்கண்ணனுக்காக எங்க வீட்ல ஜெபம் பண்ணோம்டா கோல்பி'ங்கிறான். அப்புறம் எப்படிச் சொல்றது? கம்பெனி அட்டையில டி. நேப்பியர்னுதான் இருக்கும், யாரு பார்க்கறா? எல்லாரும் கோல்பின்னே கூப்பிட ஆரம்பிச்சாங்க. நானும் திரும்பிப் பார்க்க ஆரம்பிச்சேன்."

"இத்தனை மாசமா?" என்றான் ரஸ். அவன் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அங்க செத்தது நான்," என்றான் டால்டன். "கோல்பி நல்லாயிருக்கான். காலையில எந்திரிச்சு வேலைக்குப் போறான். வெள்ளிக்கிழமை கூட்டாளிகளோட பந்து உருட்டி விளையாடப் போறான். ஒரு பொண்ணுகூட இருக்கா, டீனான்னு பேரு. அவளுக்கும் அவன் கோல்பிதான். அவளோட அம்மா அவனுக்குப் பிறந்தநாளுக்குக் கேக் செஞ்சாங்க. மார்ச்சுல. அவனோட பிறந்தநாள் அன்னைக்கு."

ஆர்லீன் மெதுவாகக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

"இப்ப கம்பெனியில ஒருத்தனும் எங்கிட்ட பேசல. திட்டினாக்கூடத் தேவலை. பொய்க்காரன்னு பார்க்கறாங்க. தம்பியை விட்டுட்டு அவன் பேரையும் திருடினவன்னு பார்க்கறாங்க. அது போகட்டும், நான் அதுக்கு வரல." தொப்பியின் விளிம்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒரு ஊர்லயாவது அவன் இருந்தான். நீங்க அங்கயும் அவனைச் சாகடிச்சிட்டீங்க."

பிள்ளைகள் இறந்த வீட்டில் என்ன பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும், அது என் தொழில். உண்மையை எழுதினால் யாருக்காவது வலிக்கும் என்று வேலைக்குப் புதிதாக வரும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்போம். வலித்தால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரஸ் மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி முகத்தை மூடிக்கொண்டான்.

"நான் விடல," என்றான் டால்டன் திடீரென்று, ரஸ்ஸைப் பார்த்து. "நீங்க பார்த்தீங்கல்ல சார், எதிர்ல இருந்து? நான் விடலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

ரஸ் கையை எடுக்காமலே தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, தெரியாது என்றா, எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

கொதித்துக்கொண்டிருந்த சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் எழுந்து அடுப்பை அணைத்தேன். அதையாவது செய்ய முடிந்தது.

ஆர்லீன் எழுந்து வந்தாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளை எடுத்தாள், கிழிக்கவில்லை, நான்காக மடித்தாள். என் கையில் கொடுத்தாள்.

"மிஸ் நெல்டா," என்றாள். "பழையபடியே போட்டுடுங்களேன்."

"ஆர்லீன்..."

"தப்பாவே போட்டுடுங்க. நான் தெரியாமக் கேட்டுட்டேன். பெத்தவ நான்தானே சொல்றேன், பெத்தவ சொன்னா போதும்னுதானே அந்தம்மா சொன்னாங்க? நான் பேசறேன் அவங்ககிட்ட. டால்டன்தான் செத்தான்னு சொல்றேன். எனக்கு ஒண்ணும் இல்ல. கார்டு வந்தா வந்துட்டுப் போகட்டும்."

தப்பைச் சரியாக்க எங்களிடம் வழி இருக்கிறது, மட்டமான வழிதான், ஆனாலும் இருக்கிறது. சரியாக இருப்பதைத் தப்பாக்க ஒரு வழியும் கிடையாது. இதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

"முடியாது ஆர்லீன்," என்றேன். "போயிடுச்சு."

"ஒரே ஒரு ஊர்ல மட்டும்?"

"முடியாது."

அவள் டால்டனைப் பார்த்தாள். கையை நீட்டி அவன் தாடியைத் தொட்டாள், ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள், எந்தப் பெயர் என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

அவன் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தான். முகம் மாறியது. எங்களுக்கு முதுகைக் காட்டிக் கதவுப் பக்கம் திரும்பி நின்றான்.

"சொல்லு டீனா," என்றான். அந்தப் பக்கம் அவள் நிறையப் பேசினாள். ஒரு பெண்ணின் குரல் உயர்வதும் உடைவதும் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. அவள் முடித்ததும் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"ஆமா," என்றான். "டால்டன்தான். கோல்பி செத்துட்டான்."